ஊர்தியில் ஏறிய ஒளி: கொழும்பு மாநகரின் நடமாடும் விளக்குகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நகரத்தின் ஒளி வரலாறு பெரும்பாலும் அதன் தெருக்கம்பங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. வாயு விளக்கு எப்பொழுது வந்தது, மின்சாரம் எப்பொழுது வந்தது, எந்த வீதிக்கு முதலிற் கம்பி இழுக்கப்பட்டது என்பனவே அவ்வரலாற்றின் அத்தியாயங்களாக அமைகின்றன. ஆயின் கம்பத்திற் கட்டுண்டு நிற்கும் விளக்கோடு, மனிதனுடன் இடம்பெயரும் விளக்கு ஒன்றும் எக்காலத்தும் இருந்துள்ளது. அது மாட்டுக் கரத்தையின் அச்சின் கீழ்த் தொங்கியது. தேரின் முன்னே தலையிற் சுமக்கப்பட்டது. மோட்டார் வண்டியின் முகப்பில் ஏறியது. தெருவோர வியாபாரியின் தள்ளுவண்டியிலே பற்றரியொன்றின் துணையுடன் இன்றும் எரிகின்றது. கொழும்பு மாநகரில், குறிப்பாகத் தமிழர் செறிந்து வாழும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளில், இந்நடமாடும் விளக்கு பெற்ற இடத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊர்தி விளக்குகளை இருவகையாகப் பிரித்து நோக்குதல் பொருத்தமாகும். ஊர்தி ஓடும்பொழுது வழியைக் காட்டுவது ஒருவகை. ஊர்தி நின்றபின் அதனைச் சூழ்ந்திருப்போருக்கு ஒளி தருவது மற்றொருவகை. முன்னையது பயணத்தின் ஒளி. பின்னையது தங்கலின் ஒளி. முதல்வகைக்கு ஓட்டமே ஆற்றலைத் தரவல்லது. இரண்டாம் வகைக்கு ஓட்டம் இல்லை. எனவே சேமித்து வைத்த ஆற்றல் வேண்டும். மேனாட்டார் பொழுதுபோக்கிற்காகக் காடுகளிலும் கடற்கரைகளிலும் கூடாரமிட்டுத் தங்கும்போது வண்டியிற் பொருத்தும் பற்றரி விளக்கு இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. கொழும்பின் வரலாற்றிலும் இவ்வகை விளக்கு உண்டு. ஆனால் இந்நகரில் 'முகாம்' என்னும் சொல் பொழுதுபோக்கைச் சுட்டிய காலம் குறைவு. அதனாலேயே இவ்விளக்கின் வரலாறு கருவியொன்றின் வரலாறாக மட்டும் நின்றுவிடாது, மக்கள் வரலாறாகவும் விரிகின்றது.

கரத்தை விளக்கும் காற்றை வென்ற லாம்பும்

புறக்கோட்டைப் பண்டகசாலைகளுக்கும் துறைமுகத்துக்கும் கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனைப் பகுதிகளுக்கும் இடையே பொருள்களை ஏற்றிச் சென்றவை மாட்டுக் கரத்தைகளே. இரவுப் பயணத்தில் அச்சின் கீழே தொங்கிய விளக்கு இரு பணிகளை ஆற்றியது. எதிரே வருபவருக்கு வண்டியின் இருப்பை அறிவித்தது; மாட்டின் காலடிக்குச் சிறிது ஒளி தந்தது. தேங்காயெண்ணெய்த் திரிவிளக்கு இப்பணிக்குப் போதியதாய் இருக்கவில்லை. காற்றிலே அது அணைந்தது. குலுக்கத்திலே எண்ணெய் சிந்தியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பரவிய மண்ணெண்ணெய் இந்நிலையை மாற்றியது. அதனோடு வந்ததே 'அரிக்கன் லாம்பு'. புயலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தமிழர் நாவிலே 'அரிக்கன்' எனத் திரிந்தது. இப்பெயர் அதன் அமைப்பை நன்கு விளக்குகின்றது. இருபுறத்தும் உள்ள குழாய்களின் வழியாகவே சுடருக்குக் காற்றுச் செல்லும். கண்ணாடிக் கூடு நேர்க்காற்றைத் தடுக்கும். ஆதலால் ஓடும் வண்டியிலும் சுடர் அணையாது நின்றது. ஊர்தியின் இயக்கத்தை நன்கு தாங்கிய விளக்குகளுள் அரிக்கன் லாம்பு முக்கிய இடத்தைப் பெறுகின்றது. அதன் பயனே அதனை வீட்டு விளக்காகவும் ஆக்கியது. வண்டியிலிருந்து கழற்றித் திண்ணையில் வைத்தால் அது வீட்டு விளக்கு. திண்ணையிலிருந்து எடுத்து வண்டியில் மாட்டினால் அது வழி விளக்கு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே துவிச்சக்கர வண்டிகளிலும் மோட்டார் வண்டிகளிலும் காபைட்டு விளக்குகள் பொருத்தப்பட்டன. கல்சியம் காபைட்டின்மீது நீர் துளித்துளியாக விழும்போது அசற்றலீன் வாயு பிறக்கும். அவ்வாயு வெண்மையான ஒளியுடன் எரியும். 1892 ஆம் ஆண்டில் மின்னுலையிற் காபைட்டைப் பேரளவில் ஆக்கும் முறை கண்டறியப்பட்டமையே இவ்விளக்கைச் சாத்தியமாக்கிற்று. ஆயினும் நீரும் கல்லும் சாம்பலும் கலந்த இதன் பராமரிப்புத் தொல்லை மிக்கது. மின்னொளி ஊர்தியில் ஏறும்வரை இடைக்காலத் தீர்வாகவே இது விளங்கிற்று.

கம்பியில் கட்டுண்ட மின்னொளி

கொழும்பிலே மின்சாரம் ஒழுங்காக ஆக்கப்படத் தொடங்கியது 1895 ஆம் ஆண்டளவிலாகும். பௌஸ்ரெட் சகோதரர் நிறுவனத்தார் கோட்டையிலுள்ள பிறிஸ்ரல் கட்டடத்தில் சிறிய மின்னிலையம் ஒன்றை நிறுவினர். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் அதே நிறுவனத்தாரின் முயற்சியால் மின்சாரத் திறாம் வண்டிச் சேவையும் தொடங்கிற்று. கோட்டையிலிருந்து கிராண்ட்பாசுக்கு ஒரு பாதையும், மருதானை வழியாகப் பொறளைக்கு மற்றொரு பாதையும் அமைந்தன. கொழும்பு வீதிகளில் ஓடிய ஊர்திகளுள் மின்விளக்கை முதலிற் பெருமளவிற் கொண்டு சென்றவை இத்திறாம் வண்டிகளே எனக் கொள்ளலாம்.

எனினும் இவ்வொளி சுதந்திரமான ஒளியன்று. தலைக்கு மேலே சென்ற கம்பியிலிருந்தே வண்டிக்கும் விளக்குக்கும் மின்சாரம் கிடைத்தது. கம்பி இல்லாத இடத்தில் வண்டியும் இல்லை; விளக்கும் இல்லை. 1953 இல் வந்து 1964 இல் நின்றுபோன துரொலி பஸ் சேவைக்கும் இக்கூற்றுப் பொருந்தும். திறாம் வண்டிச் சேவையோ 1960 ஆம் ஆண்டுடன் முடிவுற்றது.

நகரின் பொதுமின்சாரமும் இதே காலப்பகுதியில் வளர்ந்தது. மின்விநியோகத்துக்கென அரசாங்கத் திணைக்களம் ஒன்று 1927 இல் உருவாயிற்று. நீர்மின்சாரத்தின் தந்தை எனப் போற்றப்படும் டி. ஜே. விமலசுரேந்திரா 1918 ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்த திட்டம், பல்லாண்டுத் தாமதத்தின்பின் 1950 இல் லக்சபான மின்னிலையமாக நிறைவேறியது. 1969 இல் இலங்கை மின்சார சபை அமைக்கப்பட்டது. மலைநாட்டு அருவிகளின் ஆற்றல் கொழும்பு வீடுகளில் ஒளியாயிற்று. ஆனால் மழை பொய்த்தால் நகரம் இருளும் என்னும் நியதியும் அதனுடன் சேர்ந்தே வந்தது. 1996 ஆம் ஆண்டின் வறட்சி இவ்வுண்மையை நாட்டுக்கு உணர்த்தியது. அவ்வாண்டில் நாள்தோறும் பல மணிநேர மின்வெட்டு நடைமுறையில் இருந்தது.

சேமிப்புக்கலத்தின் வருகை

கம்பியிலிருந்து ஒளியை விடுவித்தது மின்கலமே. 1800 இல் இத்தாலியரான வோல்ற்றா மின்கலவடுக்கை அமைத்தார். 1859 இல் பிரெஞ்சுக்காரரான பிளான்ரே ஈயத்தகடுகளையும் சல்பூரிக்கமிலத்தையும் கொண்டு, மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க சேமிப்புக்கலத்தை ஆக்கினார். இற்றைவரை மோட்டார் வண்டிகளில் உள்ள பற்றரி அடிப்படையில் அதுவே. ஒரு கலம் ஏறத்தாழ 2 உவோற்றுத் தரும். ஆறு கலங்களைத் தொடராக இணைத்தால் 12 உவோற்றுக் கிடைக்கும். 1880களின் பிற்பகுதியில் நாகமும் காபனும் கொண்ட உலர்மின்கலமும் வழக்கிற்கு வந்தது. கையில் ஏந்தும் மின்சூளுக்கு, அதாவது மக்கள் கூறும் 'ரோச் லைற்'றுக்கு, உயிர் தந்தது அதுவே.

ஊர்தியையும் சேமிப்புக்கலத்தையும் இணைத்ததிலே புகையிரதத்துக்கு முக்கிய பங்குண்டு. 1890களில் இங்கிலாந்தில் ஸ்ரோன் என்பாரின் முறைப்படி, பெட்டியின் அச்சுச் சுழற்சியால் இயங்கும் தைனமோ மின்சாரத்தை ஆக்கியது. ஓட்டத்தின்போது மிஞ்சிய மின்சாரம் பெட்டியின் கீழிருந்த சேமிப்புக்கலங்களிற் சேர்ந்தது. நிலையத்தில் வண்டி நிற்கும்பொழுது அக்கலங்கள் விளக்கை எரித்தன. ஓடும்போது சேமித்து நிற்கும்போது செலவிடுதல் என்னும் இந்நெறியே பின்னர் மோட்டார் வண்டிக்கும் பொதுவாயிற்று. 1912 இல் அமெரிக்காவின் கடிலாக் வண்டி மின் தொடக்கியையும் மின்விளக்கையும் ஒருங்கே கொண்டு வெளிவந்தது. அதன்பின் ஒவ்வொரு மோட்டார் வண்டியும் தன்னுள் ஒரு சிறு மின்னிலையத்தைச் சுமந்து செல்லலாயிற்று.

இம்மின்னிலையம் தரும் ஒளிக்கு எல்லையுண்டு என்பதையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். 40 அம்பியர் மணி கொள்ளளவுடைய 12 உவோற்றுப் பற்றரி ஒன்றினால் 12 உவாற்று மின்குமிழ் இரண்டை எரிப்பதாகக் கொண்டால், 2 அம்பியர் மின்னோட்டம் செலவாகும். கணக்கின்படி 20 மணிநேரம் எரியலாம். ஆயின் ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்குமேல் வறிதாக்குதல் அதன் ஆயுளைக் குறைக்கும். இயந்திரத்தை மீண்டும் இயக்குவதற்கும் ஆற்றல் எஞ்சியிருத்தல் வேண்டும். ஆகவே நம்பத்தக்க காலம் பத்து மணிநேரமே, அதாவது ஓர் இரவே. நின்ற வண்டியின் ஒளி கடனாகப் பெற்ற ஒளியாகும். மறுநாள் ஓட்டத்தினால் அக்கடனைத் தீர்த்தாக வேண்டும்.

பற்றரி ஊர்தியை விட்டு இறங்கித் தனித்தும் பணி செய்தது. மின்கம்பி எட்டாத கிராமங்களில், முதலில் வானொலிப் பெட்டிக்காகவும் பின்னர் தொலைக்காட்சிக்காகவும், மோட்டார் வண்டிப் பற்றரியைத் துவிச்சக்கர வண்டியிற் கட்டிச் சென்று மின்னேற்றும் கடையில் விட்டு வருவது இலங்கையில் நெடுங்காலம் நிலவிய வழக்கம். பல்லாயிரக்கணக்கான வீடுகளில் மாலை வேளையின் ஒளி அவ்வாறே கிடைத்தது. ஊர்திக்கென ஆக்கப்பட்ட பொருள் ஊர்தி இல்லாதவரின் விளக்காகியமை கருதத்தக்கது.

வேலும் விளக்கும்

கொழும்புத் தமிழரின் பொதுவாழ்வில் நடமாடும் ஒளி மிகச் சிறப்பாகத் துலங்கிய நிகழ்ச்சி ஆடிவேல் விழாவாகும். நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் ஆதரவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேரூன்றிய இவ்விழாவில், செட்டியார் தெருக் கோயிலிலிருந்து வேற்பெருமானைத் தாங்கிய வெள்ளித்தேர் காலிவீதி வழியாகப் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கமாகச் செல்லும். நகரின் வடபாலுள்ள வணிகத் தமிழரையும் தென்பாலுள்ள குடியிருப்புத் தமிழரையும் ஒரே வழியில் இணைத்த பயணம் அது. தமிழர் மட்டுமன்றிச் சிங்களவரும் முஸ்லிம்களும் வீதியோரம் திரண்டு நின்று கண்ட விழா என்பதும் நினைவுகூரத்தக்கது.

விழாக்காலத் தேரின் ஒளி தமிழர் ஊர்களில் மூன்று படிகளில் வளர்ந்தது. முதலிற் தீவட்டி, எண்ணெயில் தோய்ந்த துணிப்பந்தம் ஏந்தியோர் முன்னும் பின்னும் நடந்தனர். இரண்டாவது, மக்கள் 'காஸ் லைற்' என்றும் 'பெற்றோமக்ஸ்' என்றும் கூறிய விளக்கு. 1885 இல் அவுஸ்திரியரான அவர் கண்டறிந்த ஒளிர்வலையையும், அழுத்தத்தால் ஆவியாக்கப்படும் மண்ணெண்ணெயையும் இணைத்து, 1910 அளவில் பேர்லினில் மக்ஸ் கிறேற்ஸ் என்பார் உருவாக்கியது இவ்விளக்கு. அவர் பெயரின் பகுதியே அதன் பெயராயிற்று. அதனைத் தலையிற் சுமந்து வரிசையாக நடந்தோரின் உழைப்பிலேயே ஊர்வலத்தின் ஒளி நின்றது. மூன்றாவது, தேரின் பின்னே வண்டியில் இழுத்துவரப்படும் மின்பிறப்பாக்கி. அதன் வருகையால் தேர் முழுவதும் வண்ண மின்குமிழ்களால் நிறைந்தது. விளக்குச் சுமந்தோரின் வரிசை மறைந்தது. ஒளி பெருகியது, ஒளியைச் சுமந்த மனிதன் கண்ணுக்கு மறைந்தான். வசதி ஒன்று வரும்போதெல்லாம் உழைப்பு ஒன்று இவ்வாறு இடம்பெயர்தலை வரலாறு எங்கும் காணலாம்.

இருட்டடிப்பு

நடமாடும் ஒளியின் மறுபக்கம் 1942 இல் வெளிப்பட்டது. சிங்கப்பூர் அவ்வாண்டு பெப்ரவரியில் வீழ்ந்தபின் கொழும்புத் துறைமுகம் யப்பானியரின் இலக்காகும் என்பது தெளிவாயிற்று. ஒலிவர் குணதிலக்க குடிசார் பாதுகாப்பு ஆணையாளராகப் பணியாற்றினார். இருட்டடிப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. வீட்டுச் சன்னல்கள் மறைக்கப்பட்டன. வண்டி விளக்குகளின் முகம் மூடப்பட்டு, நிலத்தை நோக்கி ஒரு கீற்று ஒளி மட்டுமே அனுமதிக்கப்பட்டது. அதுவரை விபத்தைத் தவிர்க்கும் காவலாக இருந்த ஊர்தி விளக்கு இப்பொழுது ஆபத்தை அழைக்கும் அடையாளமாயிற்று.

1942 ஏப்ரில் 5 ஆம் நாள் உயிர்த்த ஞாயிறு. யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் காலை வேளையிலே கொழும்பைத் தாக்கின. துறைமுகம், இரத்மலானை விமான நிலையம், கொலன்னாவைப் பகுதி ஆகியன இலக்குகளாயின. துறைமுகத்தை அடுத்துள்ள கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை மக்களுக்கும், இரத்மலானைக்குச் செல்லும் காலிவீதியில் வாழ்ந்த வெள்ளவத்தை மக்களுக்கும் போர் வீட்டுவாசலுக்கே வந்துவிட்டது. இரவின் இருளிற் பல மாதங்கள் காத்துவந்த நகரம் பட்டப்பகலிலே தாக்குண்டமை அந்நிகழ்வின் முரணாகும். தாக்குதலின்பின் மக்கள் பெருந்தொகையினராக நகரை விட்டு வெளியேறினர். கரத்தையிலும் மோட்டார் வண்டியிலும் புகையிரதத்திலும் சென்ற அம்மக்களுக்கு, மூடிய விளக்கின் ஒற்றைக் கீற்றே வழித்துணையாயிற்று.

இதே முரண் 65 ஆண்டுகளின் பின் வேறு வடிவில் மீண்டது. 2007 ஏப்ரில் 29 அதிகாலை, உலகக்கிண்ணத் துடுப்பாட்ட இறுதிப்போட்டியை மக்கள் தொலைக்காட்சியிற் கண்டுகொண்டிருந்த வேளையில், விடுதலைப் புலிகளின் விமானங்கள் கொழும்பை அண்மிய எண்ணெய்க் களஞ்சியங்களைத் தாக்கின. நகரின் மின்சாரம் முழுவதும் துண்டிக்கப்பட்டது. ஒளியை அணைத்தலே பாதுகாப்பு என்னும் நிலைக்கு நகரம் மீண்டும் தள்ளப்பட்டது.

முகாமின் ஒளி

1983 யூலை 23 ஆம் நாள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டனர். மறுநாள் மாலை பொறளை கனத்தை மயானத்தில் தொடங்கிய வன்செயல் 25 ஆம் நாள் நகரெங்கும் பரவியது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. வண்டிகள் வீதியில் நிறுத்தப்பட்டு, அவற்றின் பெற்றோலே தீவைப்பதற்குப் பயன்படுத்தப்பட்டது. ஊர்தியும் ஒளியும் பற்றிய எந்த வரலாறும் இவ்விடத்தைத் தாண்டிச் செல்ல முடியாது. வழிகாட்டவும் பொருள் சுமக்கவும் உதவிய ஊர்தியின் எரிபொருள் மனிதரின் வாழ்விடத்தை எரிக்கும் பொருளாயிற்று. அயலவரான சிங்களவர், முஸ்லிம்கள் பலர் தம்முயிரைப் பணயம் வைத்துத் தமிழரைத் தம் வீடுகளில் மறைத்துக் காத்தனர். மறைந்திருப்போருக்கு விளக்கு உதவியன்று, அது காட்டிக்கொடுப்பது. 1942 இல் வானிலிருந்து வந்த பகைக்கு அஞ்சி அணைக்கப்பட்ட விளக்கு, 1983 இல் வீதியிலிருந்து வந்த பகைக்கு அஞ்சி அணைக்கப்பட்டது. முன்னையதில் நகரம் முழுவதும் ஒன்றாக இருளில் இருந்தது. பின்னையதில் நகரின் ஒரு பகுதியினர் மட்டுமே இருளில் இருந்தனர். இவ்வேறுபாடே அந்நாள்களின் துயரத்தை அளக்கும் கோலாகும்.

கோயில்களும் பாடசாலைகளும் இரத்மலானை விமான நிலையக் கொட்டகையும் அகதி முகாம்களாயின. அங்கிருந்து பலர் கப்பல்மூலம் காங்கேசன்துறைக்குச் சென்றனர். இந்நகரில் 'முகாம்' என்னும் சொல்லுக்கு ஏறிய பொருள் இதுவே. அம்முகாம்களுக்குப் பாணும் நீரும் மருந்தும் கொண்டுவந்த வண்டிகளின் வெளிச்சம், ஊர்தி விளக்கு மீண்டும் நன்மையின் அடையாளமான இடம் எனலாம்.

வடக்கிலோ வேறொரு நிலை உருவாயிற்று. 1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையினால் பெற்றோலும் டீசலும் மட்டுமன்றி உலர்மின்கலங்களும் அங்கு செல்லமுடியாதனவாயின. உலகெங்கும் சிறுகடைகளில் விற்கும் ரோச் லைற் பற்றரி, யாழ்ப்பாணத்திற் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. இந்நெருக்கடியிலே மக்கள் துவிச்சக்கர வண்டியையே மின்னிலையமாக்கினர். 6 உவோற்றும் 3 உவாற்றும் தரும் சிறு தைனமோ பொருத்திய துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுற்றி வானொலிச் செய்தி கேட்டனர். யாம் போத்தலினுள் சிறிது மண்ணெண்ணெயும் திரியும் இட்ட விளக்கின் ஒளியில் மாணவர் பரீட்சைக்குப் படித்தனர். நின்ற ஊர்தியிலிருந்து ஆற்றல் பெறுதல் என்னும் நெறியை, சேமிப்புக்கலமே இன்றி, கையின் உழைப்பினால் நிறைவேற்றியமை தமிழர் தொழினுட்ப வரலாற்றில் தனியிடம் பெறவேண்டிய ஒன்றாகும்.

அக்காலத்தே வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் பலர் வெள்ளவத்தையின் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனையின் விடுதிகளிலும் குடியேறினர். யாழ்ப்பாணத்தில் இருளிலிருந்து வந்தவர்க்குக் கொழும்பின் மின்னொளி வியப்பைத் தந்திருத்தல் இயல்பே. ஆயின் இரவுச் சோதனைச் சாவடியிலே முகத்தின்மீது பாய்ச்சப்பட்ட ரோச் லைற்றின் ஒளி, ஒளி எல்லாம் ஒன்றல்ல என்பதை அவர்களுக்கு உணர்த்திற்று.

தள்ளுவண்டியும் எரிபொருள் வரிசையும்

ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1859 இல் அமைந்த காலிமுகத்திடலின் நடைபாதை கொழும்பு மக்களின் மாலைப்பொழுதுக்கு உரிய இடம். அங்கு இறால் வடையும் கடலையும் விற்போரின் தள்ளுவண்டிகளில் ஒருகாலத்திற் பெற்றோமக்ஸ் விளக்குகள் சீறிக்கொண்டிருந்தன. பின்னர் பற்றரியிலிருந்து எரியும் மின்குமிழ்கள் அவ்விடத்தைப் பிடித்தன. அண்மைக்காலத்தில் எல்.ஈ.டி. எனப்படும் ஒளிகாலும் இருவாயி விளக்குகள் வந்துள்ளன. 1990களின் முற்பகுதியில் யப்பானில் நீலநிற இருவாயி வெற்றிகரமாக ஆக்கப்பட்டமையே வெண்ணிற ஒளியைச் சாத்தியமாக்கியது. அச்சாதனைக்கு 2014 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1991 இல் விற்பனைக்கு வந்த இலிதியம் அயன் பற்றரியோ எடையைப் பெரிதும் குறைத்தது. முன்னர் கூறிய கணக்கையே மீண்டும் நோக்குமிடத்து, 6 உவாற்று இருவாயி விளக்கு அதே 40 அம்பியர் மணிப் பற்றரியில் அரை அம்பியரையே கொள்ளும். பாதி ஆற்றலைச் செலவிட்டாலும் 40 மணிநேரம் எரியும். ஓரிரவுக் கடன் பல இரவுகளுக்குப் போதுமானதாயிற்று. மாலையிற் தெருத்தெருவாகப் பாண் விற்கும் முச்சக்கர வண்டியின் உள்ளொளியும், நடைபாதை வியாபாரியின் சிறு விளக்கும் இம்மாற்றத்தின் பயன்களே. வாடகைக் கடையும் மின்னிணைப்பும் பெறமுடியாத ஏழை வியாபாரிக்குப் பற்றரி விளக்கு இரவை ஒரு சந்தையாக ஆக்கிக் கொடுத்தது.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இவ்வொளியைச் சோதித்தது. அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு நிலவியது. ஏப்ரில் 12 இல் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகள் நிறுத்தப்படுவதாக அரசாங்கம் அறிவித்தது. எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன் வண்டிகள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. முச்சக்கர வண்டிச் சாரதிகள் தம் வண்டிகளிலேயே உறங்கினர். வரிசையிற் காத்திருந்து உயிர்நீத்தோரும் உளர். யூன் மாத இறுதியில் தனியார் வண்டிகளுக்கான எரிபொருள் விற்பனையே இடைநிறுத்தப்பட்டது. அதே காலத்தில், ஏப்ரில் 9 தொடக்கம், காலிமுகத்திடலில் எதிர்ப்புக் கூடாரங்கள் நிறைந்த முகாம் ஒன்று நிலைபெற்றது. அங்கு மூவினத்தவரும் ஒன்றுகூடினர்.

எரிபொருள் வரிசையும் ஒருவகை முகாமே. தெருவிளக்கு அணைந்த வீதியில் வரிசையாக நின்ற வண்டிகளுக்கு இருந்த ஒளி அவற்றின் பற்றரியே. ஆயின் அவ்வொளியைச் செலவிடவும் அஞ்சவேண்டியிருந்தது. பெற்றோல் இல்லாத வண்டி ஓடாது. ஓடாத வண்டியின் பற்றரி மீளமின்னேறாது. பற்றரி வறிதாயின் பெற்றோல் கிடைத்தபின்னும் வண்டி இயங்காது. நின்ற வண்டியின் ஒளி கடனாகப் பெற்ற ஒளி என முன்னர் கூறப்பட்டது. கடனாற் துவண்ட நாட்டிலே, அக்கடனைத் தீர்க்க வழியற்ற சிறு பற்றரி நாட்டின் நிலையை விளக்கும் சான்றாயிற்று. 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் பாணந்துறை உபமின்னிலையத்தில் ஏற்பட்ட தடையினால் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பொதுவிநியோகம் எத்துணை விரிந்தாலும் தன்னோடு கொண்டுசெல்லத்தக்க ஒளியின் தேவை நீங்குவதில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, கொழும்பின் நடமாடும் விளக்கை வளர்த்தவை வணிகம், வழிபாடு, நெருக்கடி ஆகிய மூன்றுமே என்பது புலனாகும். வணிகம் கரத்தை விளக்கையும் தள்ளுவண்டி விளக்கையும் தந்தது. வழிபாடு தீவட்டியையும் தேரின் மின்னொளியையும் தந்தது. நெருக்கடியோ விளக்கை அணைக்கவும், அணைந்தபின் மீண்டும் ஏற்றவும் மக்களைக் கற்பித்தது. கண்டுபிடிப்புகள் இத்தாலியிலும் பிரான்சிலும் செருமனியிலும் யப்பானிலும் நிகழ்ந்தன. அவற்றுக்குப் பொருள் தந்தவர்களோ வண்டியோட்டியும், விளக்குச் சுமந்தோனும், மிதிகட்டையைச் சுற்றிய மாணவனும், வரிசையிற் காத்திருந்த சாரதியுமே ஆவர்.

மற்றோர் உண்மையும் இவ்வரலாற்றிலிருந்து பெறப்படுகின்றது. விளக்கின் நன்மையும் தீமையும் விளக்கிலே இல்லை. ஒரே ஒளி தேரைக் காட்டும், ஒளிந்திருப்பவரையும் காட்டும். ஒரே பெற்றோல் ஊர்தியை ஓட்டும், வீட்டையும் எரிக்கும். அச்சமின்றி ஒருவன் தன் வண்டியின் விளக்கை ஏற்றி வைத்து, நகரின் எந்தத் தெருவிலும் இரவைக் கழிக்க முடியுமாயின், அந்நகரம் தன் மக்கள் அனைவருக்கும் உரிய நகரம் எனலாம். காலிவீதியில் வெள்ளித்தேர் செல்லும்போது வீதியின் இருமருங்கும் எல்லா இனத்தவரும் கூடி நின்றமை, அத்தகைய நகரமாகக் கொழும்பு இருக்கவல்லது என்பதற்குச் சான்றாகும்.